ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்காமல் சுடப் பழகுவது எப்படி

ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பயந்துகொண்டு வருபவர்கள் ஒரு வகை, எல்லாம் தெரியும் என்று வருபவர்கள் மறு வகை. பயந்தவர்களைப் பழக்குவது சுகம். தலைவலி இரண்டாவது வகைதான். ஃப்ரீ ஃபயரிலும் பப்ஜியிலும் இல்லாத துவக்கெல்லாம் தூக்கியவர், நிஜத் துவக்கைக் கையில் வாங்கிய கையோடு பக்கத்தில் நிற்பவனின் வயிற்றுக்கு நேரே குழலைத் திருப்பிக்கொண்டு, "இது எத்தனை ரவுண்ட் பிடிக்கும் அண்ணே?" என்று கேட்பார். ஒன்று பிடிக்கும் தம்பி. ஒரே ஒரு பெலட், சின்ன ஈயக் குண்டு. அதுவும் பக்கத்தில் இருப்பவன் கண்ணை எடுக்கப் போதும்.

பாடசாலை அணியிலோ கழகத்திலோ எயார் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துவக்கு) பழகலாம் என்று நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் இது உதவும். பத்துக்குப் பத்து எடுக்கும் வித்தையை உங்கள் கோச் சொல்லித் தருவார். அதற்கு முன்னால், அவருக்கு உங்கள்மேல் எரிச்சல் வராமல் இருக்கச் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

முதல் வேலை, சொந்தமாகத் துவக்கு வாங்கும் ஆசையைத் தள்ளி வைப்பது. இலங்கையில் சுடுகலன் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அனுமதி இருந்தாலும் அரசாங்கம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். தற்பாதுகாப்புக்காக வழங்கிய துவக்குகளை எல்லாம் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். ஆகவே கழகத்தின் துவக்கிலேயே பழகுங்கள், அது கழகத்திலேயே இருக்கட்டும். பேஸ்புக்கில் யாரோ விலைக்குப் போட்டிருக்கும் எயார் கன்னுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். தோட்டத்துப் பட்டறையில் அடித்த நாட்டுத் துவக்கைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பன்றிக்குக் கட்டிய துவக்கில் ஆள் மாட்டிய செய்தி நமக்குப் புதிதா என்ன?

உடுப்பு விஷயத்தில் சப்பாத்து மூடியதாக இருக்கட்டும். செருப்போடு வந்தால் நான் சுடும் கோட்டுக்குள் விடுவதில்லை. நம் பக்கத்துக் குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதன் நுனி, பெலட் போடத் திறந்து மூடும் போல்டில் சிக்கும். கழற்றிவிட்டு வாருங்கள், அல்லது சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெளி ரேஞ்சுக்குப் போவதென்றால் அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறையில் சவர்க்காரம் தடவிக்கொண்டு போங்கள். அட்டைக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கோட்டுக்குள் நுழைந்ததும்

ஒரு பையன். நல்லாகச் சுடுவான், ஒழுங்கானவன். இலக்கைப் பார்த்து நின்றவனின் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. சுரீர் என்றதும் குனிந்தான். துவக்கைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் அட்டையைப் பிய்க்க, வலது கையில் இருந்த துவக்கின் குழல் அப்படியே அரை வட்டம் அடித்து, வரிசையில் நின்ற எல்லோருடைய முழங்காலையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தது. விரல் விசைமேலேயே இருந்தது. பெலட் ஏற்றியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் பயிற்சியை அத்துடன் நிறுத்தி, எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினோம்.

இதில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. குழல் எப்போதும் இலக்கின் பக்கமே பார்க்க வேண்டும். அட்டை கடித்தாலும், போன் அடித்தாலும், பின்னாலிருந்து கூட்டாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும். மனிதன் திரும்பும்போது கையில் இருப்பதும் கூடவே திரும்புகிறது, அது இயல்பு. அந்த இயல்பை உடைக்கத்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது. யாராவது கூப்பிட்டால் முதலில் துவக்கை மேசையில் வையுங்கள், அப்புறம் திரும்புங்கள். கடிக்கிற அட்டை இன்னும் இரண்டு வினாடி கடிக்கட்டும்.

விரலும் அப்படித்தான். குறி இலக்கில் நிற்கும் வரை விசையைத் தொடாமல், அதற்கு மேலே துவக்கின் பக்கவாட்டில் நேராக நீட்டி வைத்திருங்கள். படங்களில் கதாநாயகன் விசையில் விரலை வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறுவான், கதவைத் திறப்பான், காதலியைக் கட்டிப்பிடிப்பான். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கை, துவக்கைத் தூக்கியதும் தானாக விசைக்குப் போகும். முதல் சில வாரம் கோச் உங்கள் விரலைப் பற்றியே கத்திக்கொண்டிருப்பார். கோபிக்காதீர்கள்.

அடுத்தது, ரேஞ்சில் நான் கேட்கப் பிடிக்காத ஒரே வாக்கியம்: "காலியாத்தான் சேர் இருக்கு."

2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு படப்பிடிப்பில், துவக்கை நடிகரிடம் கொடுக்கும்போது அதில் நிஜ ரவை இல்லை என்று சத்தமாக அறிவித்துத்தான் கொடுத்தார்கள். இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார், இயக்குநரும் காயப்பட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயுதத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த இடத்திலேயே அந்த நிலை. சனிக்கிழமைப் பயிற்சியில் கூட்டாளி சொல்கிற "காலி"யை எப்படி நம்புவது?

அதனால் துவக்கைக் கை மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் குழலை இலக்கின் பக்கம் வைத்தபடியே போல்டைத் திறந்து, உள்ளே பார்த்து, வாங்குபவருக்கும் காட்டித் திறந்தபடியே கொடுப்பார். வாங்குபவர் தானும் ஒரு முறை பார்ப்பார். "நான்தான் பார்த்தேனே, என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. பஸ்ஸில் கண்டக்டர் தருகிற மிச்சக்காசை எண்ணிப் பார்த்தால் அவர் கோபித்துக்கொள்கிறாரா? அது மாதிரித்தான் இது. மேசையில் வைக்கும்போது பாதுகாப்புக் கொடியைச் செருகி வையுங்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் நிற நூல்தான் அது. எயார் ரைபிளில் குழலின் முழு நீளத்துக்கும் ஓடி மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேசப் போட்டி விதி. பாதி தூரம் மட்டும் செருகி வைப்பவர்களுக்கு அதன் பயன் இன்னும் விளங்கவில்லை: கொடியின் நுனி வெளியே தெரிந்தால்தான் குழலுக்குள் பெலட் இல்லை என்று பார்ப்பவருக்கு நிச்சயம்.

கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்: லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். வெளியூரில் போட்டிக்குப் போனால் இடையில் சிங்களமும் வரும். "நவத்தன்ன" என்றால் நிறுத்து. விளங்காத சொல் எதுவானாலும் சுடத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஸ்டொப் என்று கேட்டதும் விரல் வெளியே வர வேண்டும். "இந்த ஒன்றை மட்டும் சுட்டுவிட்டு" என்பது கிடையாது. இன்னொன்று, ஆபத்தைக் கண்டால் ஸ்டொப் என்று கத்தும் உரிமை கோச்சுக்கு மட்டும் உரியதல்ல. நேற்றுச் சேர்ந்த பிள்ளை கத்தினாலும் எல்லோரும் நிறுத்தத்தான் வேண்டும். யாராவது இலக்குத் தாளை மாற்றப் போயிருக்கும்போது துவக்கைத் தொடாதீர்கள். துடைப்பதற்கும் வேண்டாம், ஸ்கோப் வழியே பார்ப்பதற்கும் வேண்டாம்.

மலையை நம்பாதீர்கள்

கொஞ்ச நாளில் .22 (மருந்துத் தோட்டா போடும் சின்ன ரைபிள்) சுடும் வாய்ப்புக் கிடைத்து வெளி ரேஞ்சுக்குப் போனால், நம் ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரு வசனத்தைக் கேட்பீர்கள்: "பின்னால மலைதானே, என்ன பயம்?" .22 ரவை சின்னதுதான், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். ஆனால் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் போகக்கூடியது. மலை என்பது முழுக்க மண் அல்ல. பாறை இருக்கும், பாறையில் பட்ட ரவை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. மேலே குறுக்குப் பாதை இருக்கும், அதில் கொழுந்துக் கூடையோடு ஆள் போவார்கள். அதற்கென்று கட்டிய மண் அணை இல்லாத இடத்தில் சுட வேண்டாம்.

மூடுபனி இன்னொரு தொல்லை. பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். இலக்குத் தாள் மங்கலாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டிய நேரம் அதுதான். தாள் தெரிகிறதே என்று வாதாடாதீர்கள். கேள்வி தாளைப் பற்றியதல்ல, தாளுக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது பற்றியது.

.22 என்றால் காதுக்கு அடைப்பானும் வேண்டும். அந்தச் சின்ன ரவையின் சத்தமே 140 டெசிபெலைத் தொடும். எயார் ரைபிளுக்குக் காது தப்பும், கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

சுடும்போது

பழகுவதற்குப் பல இடங்களில் மடக்குத் துவக்குத்தான் கொடுப்பார்கள். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், பிறகு பெலட்டை வைத்து நிமிர்த்த வேண்டும். பெலட் வைக்கும் நேரம் முழுக்க மறு கையால் குழலை இறுக்கிப் பிடித்திருங்கள். பிடி விட்டு, விசையும் தட்டுப்பட்டால் குழல் அடித்து மூடிக்கொள்ளும். இடையில் இருக்கும் விரலின் கதி அவ்வளவுதான். பெலட் இல்லாமல் சும்மா அழுத்திப் பார்ப்பதும் இந்த வகையில் கூடாது. முன்னால் பெலட் இருந்தால்தான் காற்று அழுத்தம் பிஸ்டனைத் தாங்கும், இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் முட்டி உள்ளே உடைக்கும். போட்டிக்கு வரும் விலை கூடிய காற்றழுத்த ரைபிள்களில் வெறுமனே அழுத்திப் பழகுவதற்கென்றே வசதி வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பது எந்த வகை என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பெலட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, பையன்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். அது ஈயம், நஞ்சு. பையில் போடுங்கள், மேசையில் வையுங்கள். வாயில் மட்டும் வேண்டாம்.

பத்து மீற்றர் எயார் ரைபிள் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீற்றர் புள்ளி. பெலட்டின் விட்டமே நாலரை மில்லிமீற்றர். ஒலிம்பிக்கில் இதை அறுபது தடவை, 75 நிமிடத்துக்குள், நின்றபடி சுடுகிறார்கள். ஆகவே முதல் மாதத்தில் பத்தைத் தேடாதீர்கள். ஐந்து பெலட்டும் ஒரே இடத்தில் கூடி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், எந்த இடமானாலும் பரவாயில்லை. கூடி விழுந்தால் குறியைத் திருத்துவது கோச்சுக்கு இரண்டு நிமிட வேலை. ஒரு பெலட் இடது பக்கம் போனதும் குறியைத் திருத்தும் குமிழைத் திருகி, அடுத்தது வலது பக்கம் போனதும் மறுபடி திருகி, கடைசியில் "இந்தத் துவக்கு இழுக்குது சேர்" என்று வந்து நிற்பவர்கள் இல்லாத ரேஞ்ச் கிடையாது. அதே துவக்கை அடுத்த பிள்ளை வாங்கிச் சுடும், எல்லாம் கறுப்புக்குள் விழும். பாவம் துவக்கு.

கை நடுங்கத் தொடங்கினால் இறக்கி வையுங்கள். நடுக்கத்தோடு மல்லுக்கட்டிச் சுடும் ஒவ்வொன்றும் தப்பான பழக்கத்தை உடம்பில் பதிய வைக்கும். விசை அழுந்திய பிறகும் ஒரு வினாடி அப்படியே குறியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பெலட் எங்கே பட்டது என்று பார்க்கத் தலையைத் தூக்கும் அவசரம்தான் பாதி இலக்கைக் கெடுக்கிறது.

கேட்காமல் பாடம் எடுக்கும் அண்ணன்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் கோட்டில் நின்றால், நேற்றுத்தான் பழக ஆரம்பித்த தம்பிகூடப் பக்கத்தில் போய் முழங்கையைத் தூக்கு, தோளை இறக்கு என்று தொடங்கிவிடுவார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் எயார் ரைபிளில் இலங்கைக்காகச் சுடப் போனவர் தெஹானி எகொடவெல என்ற பெண். ஒரு கோட்டுக்கு ஒரு கோச் போதும். தங்கைமாரே, "கோச் சொல்வார் அண்ணா" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பேச்சில் கவனிக்க வேண்டியவை

சொல் பிழைக்கெல்லாம் ஆளைப் பிடித்துத் திருத்தும் பண்டிதர்கள் ஒவ்வொரு ரேஞ்சிலும் ஒருவராவது இருப்பார். மெகசினைக் கிளிப் என்று சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது: கிளிப் என்பது ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு, மெகசின் என்பது அவற்றை உள்ளே ஊட்டும் பெட்டி. பழைய .303 லீ என்ஃபீல்டில் ஐந்து ரவைக் கிளிப்பால் பத்து ரவை மெகசினை நிரப்புவார்கள், அதைப் பார்த்தவருக்கு ஒருபோதும் குழம்பாது. ஆனால் இதற்காகப் புதுப்பிள்ளையை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காது. கண்ணில் படும் நீளத் துவக்கையெல்லாம் ஏகே என்பதும் அப்படித்தான். நம் சோதனைச் சாவடிகளில் பார்த்துப் பழகியது சீனத்து ரி-56, ஏகேயின் வழிவந்தது. அமெரிக்கர்களுக்கும் இதே கூத்து உண்டு: ஏஆர்-15இல் வரும் ஏஆர், ஆர்மலைட் என்ற கம்பனியின் பெயர், அதைத் தாக்குதல் ரைபிள் என்று விரித்து வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

திருத்த வேண்டியது உயிரோடு சம்பந்தப்பட்டதை. வெற்றுத் தோட்டா என்றால் சிலருக்குச் சுட்டு முடித்த கோது, சிலருக்கு ஈயம் இல்லாமல் மருந்து மட்டும் நிரப்பிய தோட்டா. முதலாவது ஒன்றும் செய்யாது. இரண்டாவது கொல்லும். அமெரிக்க நடிகர் ஜோன் எரிக் ஹெக்ஸம் 1984இல் படப்பிடிப்பு இடைவேளையில், அப்படி மருந்து மட்டும் உள்ள தோட்டா போட்ட துவக்கை விளையாட்டாகத் தன் தலையில் வைத்து அழுத்தினார்; சில நாளில் செத்துப்போனார். ஆகவே யாராவது வெற்று என்று சொன்னால், எந்த வெற்று என்று கேளுங்கள்.

வேட்டைத் துவக்கின் குழல் அளவைச் சொல்லும் 12 போர், 16 போர் கணக்கும் புதியவர்களைக் குழப்பும். எண் கூடினால் குழல் பெரிது என்று நினைப்பார்கள், உண்மை நேர் எதிர். குழலின் அளவுக்குச் சரியாக ஈயக் குண்டு உருட்டினால் ஒரு இறாத்தலுக்கு எத்தனை குண்டு வரும் என்பதுதான் அந்த எண். பன்னிரண்டே வந்தால் குண்டு பெரிது. 16 போர் தோட்டாவை 12 போர்க் குழலில் போட்டு "பொருந்துதே" என்று சுடக் கூடாததற்குக் காரணமும் இதுதான். அப்புறம் சைலன்சர். படத்தில் புஸ் என்று கேட்கும் சத்தம் படத்தில் மட்டும்தான். நிஜத்தில் முப்பது டெசிபெல் அளவுக்குக் குறைக்கும், மிச்சம் அடுத்த லயத்துக்குக் கேட்கும்.

போனும் போட்டோவும்

துவக்கோடு செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் முகம் வாடுகிறது. காரணம் இரண்டு. ஒன்று, போட்டோவுக்கு நிற்கும்போது குழல் கட்டாயம் யாரையாவது பார்க்கும், பெரும்பாலும் போன் பிடித்திருப்பவனை. மற்றது, நம் வீடுகளில் 1977, 1983 இனக்கலவரங்களைக் கண்ட தாத்தா பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பேரன் துவக்கைத் தூக்கி நிற்கும் படம் அவர்கள் போனுக்கு வாட்ஸ்அப்பில் போய்ச் சேருவது நல்லதல்ல. அந்தப் படத்தைப் பார்க்கும் பொலிஸுக்கும் அது எயார் ரைபிள் என்று தெரியாது. பதக்கத்தோடு எடுங்கள், இலக்குத் தாளோடு எடுங்கள்.

வேட்டைப் பெருமையும் ரேஞ்சில் வேண்டாம். மலையகத்தில் துவக்கு நெடுங்காலம் வெள்ளைக்காரத் தொரைமார் சாமான். கண்டியைத் தலைமையிடமாக வைத்து 1900இல் தொடங்கிய தோட்டத் தொரைமாரின் ரைபிள் படையை 1949இல்தான் கலைத்தார்கள். நுவரெலியாவில் கல்லறை கொண்ட வெள்ளைக்கார அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளைப் பக்கம் இடி விழுந்து செத்தார். "எங்க தாத்தா தொரையோட வேட்டைக்குப் போனவர்" என்று ஆரம்பிக்கும் பையனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தாத்தா துவக்கு தூக்கிப் போனாரா, சாப்பாட்டுக் கூடை தூக்கிப் போனாரா?

கிளம்பும்போது

அன்லோட் செய்து, கொடி செருகி, பொறுப்பானவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் துவக்கு பெட்டிக்குள் போக வேண்டும். தாளை எடுத்துத் திகதி, தூரம், எந்த இலக்கத் துவக்கு என்று மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோச் அதைத்தான் முதலில் கேட்பார். கீழே சிதறிய பெலட்டைக் கூட்டி அள்ளாமல் பஸ்ஸைச் சாட்டிக்கொண்டு நழுவுபவர்களை நாங்கள் ஞாபகம் வைத்திருப்போம்.

ஈயம் போகக் கையைச் சவர்க்காரம் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். விரல் இடுக்கு, நகத்தடி எல்லாம். அதற்குப் பிறகு தேத்தண்ணி, வடை எதுவும் சாப்பிடலாம். சட்டையை வீட்டில் சின்னப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.